பேக்கப் இருந்தது, ஆனாலும் ஐந்து நாள் ஆனது

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. மதியம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது, மாற்றணும் மாற்றணும் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தியிருந்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மதர்போர்டு சின்னம் வருகிறது, அப்புறம் கறுப்புத் திரை, மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். நான்காவது தடவை அந்தச் சின்னம் வரவே இரண்டு நிமிடம் ஆனது. அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது.

சென்னை வேளச்சேரியில் எங்கள் வீட்டில் அந்த ஒரு டெஸ்க்டாப்பை நம்பி மூன்று பேர். மனைவி ஏழு கடைகளுக்கு டேலி என்ற கணக்கு நிரலில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறாள், அதில் நான்கு கடைக்கு மாதாமாதம், 20ஆம் தேதிதான் 3பி என்ற மாதப் படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோயில் மலர், சங்க ஆண்டு மலர் என்று யார் கேட்டாலும் கட்டுரை எழுதிக் கொடுப்பார். எனக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மகளின் போட்டோக்களும் பழைய மெயில்களும்தான்.

"ஏங்க, பேக்கப் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு, இருக்கு. நீ பயப்படாதே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அந்தப் பெருமைக்கு ஒரு பின்கதை உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் தரைத்தளத்தில் இருந்தோம். சிபியூ தரையில், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில். தண்ணீர் தொடை வரைக்கும் வந்தது, இரண்டும் சேர்ந்தே குளித்தன. தண்ணீர் வடிந்ததும் நான் செய்த காரியம், டிஸ்க்கை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அப்புறம் ஆசையாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை உண்டு, அது வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் இருக்கும், காய்ந்தால் அந்தச் சேறு தட்டில் படிந்து ஒட்டிக்கொள்ளும், தட்டு சுழல ஆரம்பித்ததும் தலை அதில் உரசிக் கீறிவிடும். காயவைத்ததும் தப்பு, ஆன் செய்ததும் தப்பு. ஈரத்தோடு பையில் போட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்திருக்க வேண்டும். மகள் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரையான போட்டோக்கள் போயின. இன்றைக்கும் மாமியார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான பதினோரு படங்கள்தான் அந்தக் காலத்துக்குச் சாட்சி.

அதற்குப் பிறகு முதல் மாடிக்கு வீடு மாறினோம், நானும் திருந்தினேன். விண்டோஸிலேயே இருக்கிற ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கிற ஃபைல்) எழுதி, தினமும் ராத்திரி பத்து மணிக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டேலி டேட்டா மூன்றையும் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தானாகப் பிரதி எடுக்கிற மாதிரி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவைத்தேன். எட்டு வருஷம் ஓடியது. அந்த தைரியத்தில்தான் "இருக்கு, இருக்கு".

அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை ஆபீஸ் லேப்டாப்பில் செருகினேன். டேலி ஃபோல்டரைத் திறந்து தேதி வரிசையில் அடுக்கினேன். கடைசித் தேதி 2023 டிசம்பர் 2.

ஏதோ தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்து பிக்சர்ஸ் ஃபோல்டரையும் திறந்தேன். அதே டிசம்பர் 2. எட்டரை மாதமாக ஒரு ஃபைல்கூட வரவில்லை.

உட்கார்ந்து யோசித்ததில் காரணம் பிடிபட்டது. டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயல் மழை, தெருவில் தண்ணீர் ஏறுகிறது. பட்ட அடி ஞாபகம் இருந்ததால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றிப் பாலித்தீன் பையில் சுற்றிப் பரணில் வைத்தேன். அது சரியான வேலைதான். கரண்ட் வந்து எல்லாம் அடங்கிய பிறகு மறுபடி செருகினேன், ஆனால் அந்த நேரத்தில் மனைவியின் பென்டிரைவ் ஏற்கெனவே செருகியிருந்தது, அது "ஈ டிரைவ்" என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டது, என் டிஸ்க் "எஃப் டிரைவ்" ஆகிவிட்டது, விண்டோஸ் அதையே ஞாபகமும் வைத்துக்கொண்டது. என் பேட்ச் ஃபைலுக்கு ஈ மட்டும்தான் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு ஈ என்று ஒன்று இருக்காது. கறுப்பு ஜன்னல் ஒன்று சட்டென்று வந்து மறையும், நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்திருந்தால் கடைசி ஓட்டத்தின் முடிவு என்ற இடத்தில் பிழை எண் உட்கார்ந்திருக்கும். எட்டரை மாதத்தில் ஒரு தடவைகூட நான் திறக்கவில்லை. புயலிலிருந்து காப்பாற்றிய கையே பேக்கப்பை நிறுத்தியும் வைத்தது.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. நான் போட்டிருந்தது மிரர் ஆப்ஷன். அதாவது இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். மூலத்தில் ஃபோல்டர் காலியாகிப் போயிருந்தால் அன்றைய ராத்திரியே பிரதியும் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கும். அதை நான் பேக்கப் என்று எட்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி சிங்க் ஆகிறவையும் இந்த விதத்தில் அப்படித்தான், இங்கே நீக்கினால் அங்கேயும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பது ஒரு ஆறுதல், ஆனால் கணக்கு விஷயத்தில் தப்பு தெரியவே மூன்று மாதம் ஆகும்.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். மறுநாள் ஞாயிறு, அங்கே பெரும்பாலும் கடைகள் மூடியிருக்கும். அப்போது வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிடும், எனக்கு அதுவே வசதி, இறங்கி நடந்தால் போதும். தெரிந்த கடைத் தம்பி டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டான். "டிக் டிக்னு சத்தம் வரல சார், ஹெட் போகல. பேட் செக்டார்தான், டிஸ்க்ல சில இடம் படிக்க முடியாம கெட்டுப்போயிருக்கு. ஆனா இனிமே விண்டோஸ்ல செருகாதீங்க, செக் டிஸ்க்கும் போடாதீங்க, இருக்கறதும் போயிடும்."

இதை நான் தடித்த எழுத்தில் சொல்ல ஆசைப்படுகிறேன். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் விண்டோஸின் பழுதுபார்க்கும் கட்டளையான செக் டிஸ்க்கைப் போடுவது, ரிப்பேர் சாஃப்ட்வேர் ஓட்டுவது எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. முதல் வேலை, முழு டிஸ்க்கையும் அப்படியே வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுப்பது, மற்ற வைத்தியத்தை எல்லாம் அந்த நகலில் பார்த்துக்கொள்ளலாம். டிக் டிக் சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் அணைத்துவிட வேண்டும், அது தூசி புகாத அறையில் திறந்து பார்க்கிறவர்களின் வேலை, அதற்குத் தம்பி சொன்ன தொகை என் அரை மாதச் சம்பளம்.

அங்கேயே ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கிற டிஸ்க்), நகல் எடுக்க ஒரு 1 டிபி டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பன் ஒருவன் வந்தான், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மேல் பைத்தியம், கல்யாணச் சத்திரத்திலும் லினக்ஸ் பற்றிப் பேசுவான், எல்லோரும் ஓடுவோம். அன்றைக்கு அவன்தான் தெய்வம். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓட்டினான். அது முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை மட்டும் வேகமாக வாரிக்கொள்கிறது, தகராறு செய்கிற இடங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டு தாண்டிப் போகிறது, கடைசியில்தான் திரும்பி வந்து அவற்றைக் கிளறுகிறது. நடுவில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பு ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பத்தொன்பது மணி நேரம் ஓடியது. விண்டோஸ் பூட் ஆகவில்லை, ஆனால் ஃபைல்கள் பெரும்பாலும் வந்துவிட்டன.

அறிகுறிகள் முன்பே இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரமாக மெஷின் மந்தம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்றே நிற்கும், நான் விண்டோஸ் அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன இலவச நிரலைத் திறந்தால் டிஸ்க்கே தன் உடல்நிலையைச் சொல்லும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார், காத்திருக்கும் செக்டார் என்ற இரண்டு எண்களும் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடலாம். எஸ்எஸ்டி பல நேரம் இந்த மந்தம், சத்தம் எல்லாம் வராமலே திடீரென்று ஒரு நாள் செத்துப்போகும், அதில் அழித்த ஃபைலை மீட்பதும் அழித்த இடத்தை உள்ளுக்குள் துடைத்துவிடும் டிரிம் வேலை செய்துவிட்டால் நடக்காது. வேகமாக இருக்கிறதே என்று எஸ்எஸ்டிக்கு மாறுகிறவர்கள் பேக்கப் விஷயத்தில் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்.

டேலி டேட்டா அந்த நகலிலிருந்து வந்தது, ஆனால் இரண்டு கடைகளின் கணக்கு திறக்க மறுத்தது. கெட்டுப்போன செக்டார்கள் சரியாக அங்கேதான் இருந்திருக்கின்றன. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, மனைவி உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அதில் தொங்கிய 16 ஜிபி பென்டிரைவைக் கழற்றினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்ததும் டேலிக்குள்ளேயே இருக்கிற பேக்கப்பைப் போட்டு இதில் வைத்துக்கொள்வாளாம். நான் இதற்கு முன்னால் அதைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு, நான் ஆட்டோமேட்டிக்கா போட்டிருக்கேனே" என்று சொன்னதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருக்கலாம், இவ்வளவு குத்தியிருக்காது. அவள் முறையில் என்ன உசத்தி என்றால், ஒவ்வொரு வாரமும் தன் கண்ணால் பார்த்து, தேதி போட்ட ஃபோல்டரில் வைத்திருந்தாள். கடைசியாக எடுத்தது டிஸ்க் படுத்ததற்கு முந்தைய நாள்தான்.

சரி, டேட்டா கிடைத்தாயிற்று, முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த மூன்று நாள் பாடு அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

விண்டோஸ் போட பென்டிரைவ் இல்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதைச் செய்ய ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டுமே. ஆபீஸ் லேப்டாப்பில் அட்மின் உரிமை கிடையாது. நண்பன் தன் வீட்டில் போய்ச் செய்து திங்கட்கிழமை கொண்டுவந்தான். பென்டிரைவிலிருந்து பூட் ஆக எந்த பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் அரை மணி நேரம். கிகாபைட் போர்டு என்றால் எஃப்12, ஆசூஸ் என்றால் எஃப்8, எம்எஸ்ஐ என்றால் எஃப்11. இப்போது கேபினெட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி எழுதியிருக்கிறேன், வாஸ்து எந்திரத்துக்குப் பக்கத்தில்.

அப்புறம் டேலி லைசென்ஸ். புது டிஸ்க்கில் போட்டதும் சீரியல் நம்பரையும் அட்மின் மெயில் ஐடியையும் கேட்கிறது. திறவுகோல் அந்த மெயிலுக்குத்தான் போகும். எங்களுக்கு விற்றவர் ஆறு வருஷம் முன்னால் தன் சொந்த மெயிலைக் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார். அவர் ஊருக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் திறந்தால் எஜுகேஷனல் மோடில்தான் ஓடும், மாதத்தில் ஒரு சில தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட விடும். செவ்வாய் மதியம் அவர் கிடைத்தார். அன்றைக்குத் தேதி 20.

மூன்று கடைகள் தனிநபர் பெயரில், ஓடிபி வைத்துத் தாக்கல் செய்தாகிவிட்டது. நான்காவது பிரைவேட் லிமிடெட், அதற்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். டோக்கன் பத்திரமாக இருந்தது, அதன் டிரைவர் இல்லை, அந்தக் கையெழுத்தைத் தளத்தில் போடவைக்கிற எம்சைனர் நிரல் இல்லை. இரண்டையும் தேடிப் போட்டு ஓடவைப்பதற்குள் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஒரு நாள் தாமதம், 50 ரூபாய். கட்டணமும் வட்டியும் மனைவி தன் கைக்காசைப் போட்டாள். காசு பெரிதில்லை, ஆறு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடத் தாமதமாகத் தாக்கல் செய்ததில்லை.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளும் வரவில்லை. பழைய புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்துவைத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது, பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் அவை பூட்டப்பட்டிருக்கும். பாஸ்வேர்டுகளைத் தனியாக ஒரு பாஸ்வேர்டு மேனேஜரிலோ, இல்லாவிட்டால் நோட்டுப் புத்தகத்திலோ வைத்திருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எங்கள் வீட்டு பீரோவை ரஷ்யாவிலிருந்து யாரும் ஹேக் செய்ய முடியாது.

வியாழக்கிழமை அப்பாவின் முறை. அவர் கட்டுரைகளை எல்லாம் கொண்டுவந்து சேர்த்து, ஒன்றைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னடா இது, நான் இங்கிலீஷ்லயா எழுதினேன்?"

திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அப்பா 2003இலிருந்து தட்டச்சு செய்வது பாமினி எழுத்துருவில். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தைய இந்த எழுத்துருக்களில் ஃபைலுக்குள் தமிழ் என்று ஒன்று கிடையாது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஒப்பேற்றுவார்கள். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி இருந்தால் இது "தமிழ்" என்று தெரியும், இல்லாவிட்டால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். ஃபைல் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை, முழுசாக இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. என் பேக்கப்பில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் இருந்தது. எழுத்துருக்கள் இருக்கிற இடம் விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதை யார் பேக்கப் எடுத்தார்கள்?

பாமினி இணையத்தில் சுலபமாகக் கிடைத்துவிட்டது. ஆனால் சில கட்டுரைகள் திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகம் கொடுத்த வேறு எழுத்துருவில் இருந்தன, அதன் பெயர் அப்பாவுக்கும் தெரியாது, அச்சகமும் இப்போது இல்லை. நல்லவேளை நண்பன் எடுத்த நகலில் பழைய ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுசாக இருந்தது. அதிலிருந்து நாற்பது தமிழ் எழுத்துருக்களை அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, ராத்திரி பத்து மணிக்குத் திரையில் "திருச்சிற்றம்பலம்" என்று வந்தபோது அப்பா சத்தமாகவே படித்தார்.

தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, அப்பாதான் ஏற்கவில்லை. இப்போது ஒத்துக்கொண்டார், ஆனால் பழையதை மாற்றுவது லேசான வேலை இல்லை. மாற்றி நிரலில் கொடுத்தால் தமிழ் சரியாகவே வருகிறது, நடுவில் இருக்கிற ஆங்கிலச் சொல், மெயில் முகவரி எல்லாம் தமிழ்ப் பூச்சாண்டியாகி விடுகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு கண் படித்துத் திருத்த வேண்டும். அப்பா தினமும் பத்துப் பக்கம் பார்க்கிறார். அதுவரைக்கும் பாதுகாப்பாக எல்லாவற்றையும் ஒரு தடவை பிடிஎஃப் ஆக்கிவிட்டேன், பிடிஎஃப்புக்குள் எழுத்துரு பதிந்துவிடுவதால் எந்த மெஷினில் திறந்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடத்தான் முடியாது. உங்கள் வீட்டிலும் பெரியவர் யாராவது வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று எதிலாவது எழுதிவைத்திருந்தால், தயவுசெய்து இந்த வாரமே அந்த எழுத்துரு ஃபைல்களை எடுத்து அந்தக் கட்டுரைகள் இருக்கிற ஃபோல்டரிலேயே போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இப்படியாக ஐந்து நாள்.

இதற்குப் பிறகு மனைவிக்குத் தனியாக ஒரு லேப்டாப் வாங்கினோம், விண்டோஸ் 11. அதிலும் ஒரு கூத்து. ஒரு மாதம் கழித்து பயாஸ் (மெஷினை எழுப்பிவிடுகிற அடிப்படை நிரல்) அப்டேட் ஆகி, மறுபடி எழுந்திருக்கும்போது நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்று நின்றது. டிஸ்க் மறையாக்கம் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது, சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கியது. மறுபடியும் அதே கதை, திறவுகோல் நம்முடையது இல்லாத ஒரு மெயிலில். அந்தப் பையனுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது கணக்கை மாற்றி, 48 எண்ணையும் அச்செடுத்து, ரேஷன் கார்டு இருக்கிற ஃபைலில் வைத்திருக்கிறோம். லேப்டாப் வாங்குகிறவர்கள் கடையிலேயே கணக்கு தொடங்க விடாதீர்கள், வீட்டுக்கு வந்து உங்கள் மெயிலில் தொடங்குங்கள்.

இப்போதைய ஏற்பாட்டைச் சொல்கிறேன், இதுதான் சரி என்று இல்லை, எங்களுக்குத் தோதானது. ஒரு டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும், தினமும் அதில் பிரதி போகும், ஆனால் மிரர் கிடையாது, பழைய பதிப்புகளையும் வைத்துக்கொள்கிற ஃபைல் ஹிஸ்டரி. தேதியைப் பார்க்கிற வேலை என்னிடமிருந்து மனைவிக்குப் போய்விட்டது, வெள்ளிக்கிழமை பென்டிரைவ் எடுக்கும்போதே அந்த வாரத்து ஃபைல் ஒன்றைப் பிரதியிலிருந்து திறந்து பார்த்துவிடுவாள். இரண்டாவது டிஸ்க் செருகாமல் தனியாக இருக்கும். எப்போதும் செருகியிருக்கிற டிஸ்க்கை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும், 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியபோது பலர் அதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். மாதம் ஒரு தடவை ரெஸ்க்யூஸில்லா என்ற இலவச நிரல் இருக்கிற பென்டிரைவில் பூட் செய்து முழு டிஸ்க்கின் இமேஜை, அதாவது அப்படியே ஒரு நகலை, இதில் எடுக்கிறேன், விண்டோஸ், டேலி, டோக்கன் டிரைவர், எழுத்துரு, எல்லாம் அப்படியே வந்துவிடும். கேபினெட்டின் பின்பக்கத்து நீல நிற யூஎஸ்பியில் செருகினால் அரை மணிக்குள் முடிகிறது, முன்பக்கத்துப் பழைய யூஎஸ்பி 2இல் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது.

மூன்றாவது டிஸ்க் வெளியே. முதலில் முடிச்சூரில் அக்கா வீட்டில் வைத்தேன். அக்காதான் சிரித்தாள், "டேய், 2015ல எங்க வீட்டுக்கு போட்ல வந்தது மறந்துபோச்சா?" வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரியிலிருந்து முடிச்சூருக்குக் கொண்டுபோய் வைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இப்போது அண்ணா நகரில் மச்சான் வீட்டு மூன்றாவது மாடியில் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கை மாதாமாதம் மாற்றிக்கொள்கிறோம், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. அப்பா அமாவாசைத் தர்ப்பணம் முடித்ததும் "டிஸ்க் மாத்தினியா?" என்று கேட்பார், அதைவிட நல்ல ரிமைண்டர் எந்த ஆப்பிலும் இல்லை.

கிளவுட் வேண்டாம் என்று இல்லை. கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி இலவசம், டேலி பேக்கப்பைக் கடவுச்சொல் போட்டுச் சுருக்கி ஏற்றிவைக்க அது தாராளம், அடுத்தவர் கணக்கு என்பதால் கடவுச்சொல் இல்லாமல் ஏற்றுவதில்லை. போட்டோக்களை எல்லாம் ஏற்ற அந்த இலவச இடம் போதாது. அதைச் செய்யவில்லை.

கடைசியாக ஒத்திகை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், அதோடு இதையும் சேர்த்துவிட்டேன். ஓடுகிற எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, காலியான இன்னொன்றைப் போட்டு, எல்லாம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து மீட்டுப் பார்ப்பது. 2024 அக்டோபரில் முதல் ஒத்திகை, படுதோல்வி. விலை குறைவு என்று ஒத்திகைக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கியிருந்தேன். இமேஜ் எடுத்தது 500 ஜிபி டிஸ்க்கிலிருந்து. உள்ளே இருக்கிற ஃபைல் வெறும் 140 ஜிபிதான், ஆனாலும் இலக்கு டிஸ்க் சின்னது என்று மறுத்துவிட்டது. பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதி) முதலில் சுருக்கிவிட்டு இமேஜ் எடுத்திருந்தால் ஒருவேளை போயிருக்கலாம். இந்த விஷயம் ஒத்திகையில் தெரியாமல், ஆகஸ்ட் 17 மாதிரி ஒரு நாளில்தான் தெரிய வந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

2025இல் இரண்டாவது ஒத்திகை. 500 ஜிபி எஸ்எஸ்டி, ஸ்டிக்கரைப் பார்த்து எஃப்12, ரெஸ்க்யூஸில்லா, இமேஜ், அப்புறம் வெள்ளிக்கிழமை பென்டிரைவிலிருந்து டேலி. மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் டேலி திறந்தது, லைசென்ஸ் எங்கள் மெயிலில், டோக்கன் வேலை செய்தது, அப்பாவின் கட்டுரை தமிழிலேயே திறந்தது. பிரின்டர் மட்டும் ஆஃப்லைன் என்றே காட்டிக்கொண்டிருந்தது. இமேஜ் எடுத்த பிறகு ரூட்டர் மாற்றியிருக்கிறோம், பிரின்டரின் முகவரி மாறிவிட்டது போல. பொரி கடலை எல்லாம் எடுத்துவைத்தாயிற்று, நேரமாகிறது என்று அம்மா குரல் கொடுத்தார், அதை அப்படியே விட்டுவிட்டுச் சந்தனம் கரைக்கப் போய்விட்டேன்.